கடல் கடந்து வந்த உதவி வாசலில் நிற்பது ஏன்?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வியாதி வந்துவிட்டால், அதற்கு வைத்தியம் தெரிந்தவர் பெரும்பாலும் வெளியூரில்தான் இருக்கிறார். திருநெல்வேலியில் பென்ஷன் வாங்கும் தகப்பனார். நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் பார்க்கும் மகன். இங்கே பிரிண்டர் அச்சடிக்க மறுக்கிறது, அல்லது பாங்கிக் கணக்கைப் பார்க்கும் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. "அப்பா, திரையிலே இடது பக்கம் கீழே என்ன இருக்கு? பார்த்துச் சொல்லுங்க" என்று மகன் டெலிபோனில் கேட்பதும், "அங்கே ஒன்றும் இல்லையேடா!" என்று தகப்பனார் பதில் சொல்வதுமாக அரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. குறை இருவர் மீதும் இல்லை. கண்ணால் காணாத வியாதிக்குக் காதால் கேட்டு மருந்து சொல்வது எந்த வைத்தியருக்கும் கஷ்டந்தான்.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. மகன் தன் அறையில் உட்கார்ந்தபடியே தகப்பனாரின் திரையைத் தன் திரையில் பார்க்கலாம். தகப்பனார் அனுமதி கொடுத்தால், அங்கே ஓடும் அம்புக்குறியை இங்கிருந்தே நகர்த்திக் காரியத்தை முடித்தும் விடலாம். சாதாரண ஜனங்களின் கைக்கு இந்த வசதி வந்து இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. ஆனால் அவசரத்துக்குக் கூப்பிடும்போதுதான் "இணைக்க முடியவில்லை" என்ற ஒற்றை வரி திரையில் தோன்றி நிற்கும். இரண்டு கம்ப்யூட்டர்களும் நன்றாக இருக்கின்றன. இரண்டு வீடுகளிலும் இன்டர்நெட் வருகிறது. பின் கோளாறு எங்கே?

கோளாறு பெரும்பாலும் இந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. இரண்டு வீட்டு வாசல்களில் இருக்கிறது.

இரண்டாம் கட்டு, வலது பக்கத்து அறை

இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் எண்களாலான ஒரு விலாசம் உண்டு. 1981-ல் வகுத்த முறைப்படி மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்களே உண்டாக முடியும். அன்றைக்கு அது சமுத்திரம் போலத் தோன்றியிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள்ளேயே தண்ணீர் வற்றிவிடும் என்ற கவலை நிபுணர்களுக்கு வந்துவிட்டது. 1994-ல் ஒரு யுக்தியை எழுதி வெளியிட்டார்கள்: வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு விலாசம், உள்ளே எத்தனை யந்திரங்கள் இருந்தாலும் அவற்றுக்கு உள்விலாசங்கள். இந்த உள்விலாசங்களுக்கென்று சில எண்கள் 1996-ல் முறையாக ஒதுக்கப்பட்டன. வீடுகளில் அடிக்கடி காணப்படும் 192.168 என்று ஆரம்பிக்கும் எண்கள் அந்த வகையைச் சேர்ந்தவைதான். 192.168.1.2 என்ற ஒரே விலாசம் உலகத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரே சமயத்தில் இருந்துகொண்டிருக்கிறது. அதனால் எந்தக் குழப்பமும் இல்லை. ஏனென்றால் அந்த எண் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை.

"இரண்டாம் கட்டு, வலது பக்கத்து அறை" என்று மட்டும் உறையின் மேல் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது சரியான விலாசம். வெளியில் இருக்கும் தபால்காரருக்கு அது விலாசமே அல்ல.

வீட்டு மூலையில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் ரூட்டர் என்ற பெட்டி, இந்த வாசலில் நிற்கும் காவற்காரன். உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களை அவன் தடுப்பதில்லை. யார் போனார், எங்கே போனார் என்று குறித்து வைத்துக்கொள்வான். பதில் வந்தால் அதே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஆனால் உள்ளேயிருந்து யாரும் கேட்காமல் வெளியாள் ஒருவர் தாமாக வந்து நின்றால், அவரை எந்த அறைக்கு அனுப்புவது என்று அவன் புத்தகத்தில் குறிப்பு இல்லை. ஆகவே திருப்பி அனுப்பிவிடுகிறான். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: திருடனும் அவ்விதமே திரும்பிப் போகிறான்.

இப்படிப்பட்ட காவற்காரன் திருநெல்வேலியிலும் உண்டு, நியூ ஜெர்ஸியிலும் உண்டு. மகன் வந்து தட்டினால் தகப்பனார் வீட்டுக் காவற்காரன் விடமாட்டான். தகப்பனார் போய்த் தட்டினால் மகன் வீட்டுக் காவற்காரன் விடமாட்டான். இரண்டு பேரும் அவரவர் நாற்காலியில் காத்துக் கிடக்கிறார்கள்.

நோட்பேடில் திருத்திய அழைப்பு

2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் 'ரிமோட் அஸிஸ்டன்ஸ்' என்ற வசதி சேர்க்கப்பட்டிருந்தது. உதவி வேண்டுகிறவர் ஓர் அழைப்பைத் தயார் செய்து ஈ-மெயிலில் அனுப்பவேண்டும். அதற்குள்ளே அவருடைய கம்ப்யூட்டரின் விலாசமும், அழைப்பு எத்தனை நேரம் செல்லும் என்ற கெடுவும் பதிவாகியிருக்கும். டெலிபோன் கம்பி நேரே கம்ப்யூட்டருக்கு வந்த வீடுகளில் இது ஒழுங்காக வேலை செய்தது. ரூட்டர் வந்த வீடுகளிலே வந்தது வினை. அழைப்பில் தானாகப் பதிவானது 192.168 என்று தொடங்கும் உள்விலாசம். அதாவது, இரண்டாம் கட்டு விலாசம்!

கம்ப்யூட்டரும் ரூட்டரும் தமக்குள் பேசிக்கொண்டு தாற்காலிகமாக வழி திறந்துகொள்ளும் 'யூ.பி.என்.பி.' என்ற ஏற்பாடு உள்ள ரூட்டராக இருந்தால் தப்பித்தார்கள். இரு பக்கத்திலும் அது இல்லாத ரூட்டர் என்றால் இணைப்பு கிடையாது. அப்போது கைதேர்ந்தவர்கள் செய்த காரியம் வேடிக்கையானது. வந்த அழைப்பை நோட்பேடில் திறப்பார்கள். உள்விலாசத்தை அடித்துவிட்டு வீட்டின் வெளிவிலாசத்தைக் கையால் எழுதுவார்கள். பிறகு ரூட்டரின் கட்டளைப் பக்கத்தில், 3389 என்ற எண்ணுள்ள வாயிலுக்கு யார் வந்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கே அனுப்பு என்று உத்தரவு போட்டு வைப்பார்கள். இணைப்பு வந்துவிடும். பிரிண்டரும் அச்சடிக்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் உதவி முடிந்த பிறகு அந்த வாயிலைத் திரும்பவும் மூட எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்திருக்கும்? அதே 3389 வாயில்தான், ஆள் இல்லாத கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதிக்கும் உரியது. 2019 மே மாதத்தில் அந்த வசதியில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. பழைய விண்டோஸ் உள்ள யந்திரத்தில் அந்த வாயில் திறந்து கிடந்தால், பாஸ்வேர்டு தெரியாத அன்னியனும் உள்ளே நுழையலாம் என்ற நிலை. ஆதரவு 2014-லேயே நின்றுபோன எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோஸாப்ட் அன்றைக்கு மருந்து வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவு தெரியும். "ரூட்டரில் வாயிலைத் திறந்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று இன்றும் யோசனை சொல்கிற நண்பர்கள் உண்டு. நல்லெண்ணந்தான், ஆயினும் அந்த யோசனையைக் கேட்காமல் இருப்பதே மேல்.

அப்படியே கேட்டாலும் பல வீடுகளில் அது பலிக்காது. விலாசப் பஞ்சம் முற்றிப்போனதால், இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகள் வீட்டுக்கு ஒரு வெளிவிலாசம் தருவதையும் குறைத்துக்கொண்டுவிட்டன. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு விலாசம். வீட்டு வாசலில் ஒரு காவற்காரன் போதாதென்று தெருமுனையிலும் ஒருவன்! வீட்டுக் காவற்காரனுக்கு உத்தரவு போடலாம். தெருமுனைக் காவற்காரன் நம் பேச்சைக் கேட்கமாட்டான். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ரூட்டரின் கட்டளைப் பக்கத்தில் அதன் வெளிவிலாசம் என்று காட்டும் எண், 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றாக ஆரம்பித்தால், அது 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வகை. வாயில் திறக்கும் முயற்சியை அங்கேயே விட்டுவிடலாம்.

கப்பலைத் துளைக்கும் புழு

2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் சங்கடத்தைத் தீர்க்க 'ஈஸி கனெக்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அழைப்பை அனுப்பவேண்டாம், திருத்தவும் வேண்டாம். திரையில் தோன்றும் 12 எழுத்துப் பாஸ்வேர்டை டெலிபோனில் படித்துச் சொன்னால் போதும். உள்ளே வேலை செய்தது 'டெரெடோ' என்ற யுக்தி. கப்பலின் மரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு கடற்பிராணியின் பெயர் அது. இதை வகுத்த கிறிஸ்டியன் ஹுயிடெமா முதலில் 'கப்பற்புழு' என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தார். பிறகுதான் அந்தப் பிராணியின் லத்தீன் பெயருக்கு மாற்றினார்கள். காவற்காரனின் புத்தகத்தில் உள்ளேயிருந்தே ஒரு குறிப்பை எழுத வைத்து, அந்தத் துளை வழியாக விருந்தாளியை வரவழைப்பது அதன் வேலை.

பெயர் பொருத்தமானதே. ஆனால் எல்லா மரமும் புழுவுக்கு இடங்கொடுப்பதில்லை. ஒவ்வோர் ஊருக்குப் போகும்போதும் குறிப்பை மாற்றி எழுதும் கண்டிப்பான ரூட்டர்களிடம் டெரெடோ தோற்றுப்போயிற்று. 'ஈஸி கனெக்ட்' பொத்தான் மங்கிய நிறத்தில், அழுத்த முடியாமல் நின்றதைக் கண்டவர்களுக்கு அதன் பெயரே கேலியாகப் பட்டிருக்கும்.

நடுவழிச் சத்திரம்

கடைசியில் வென்றது மிகவும் எளிமையான யோசனை. இரண்டு வீட்டிலும் வெளியே போகிறவர்களுக்குத் தடையில்லை அல்லவா? அப்படியானால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவானேன்? இருவரும் புறப்பட்டு நடுவழியில் உள்ள சத்திரம் ஒன்றில் சந்தித்துக்கொள்ளலாமே! 2005-ல் ஜெர்மனியில் தோன்றிய 'டீம்வியூவர்', 2016-ல் விண்டோஸ் 10 உடன் சேர்ந்து வந்த 'குவிக் அஸிஸ்ட்' ஆகியவற்றின் பின்னுள்ள சூட்சுமம் இதுவே. குவிக் அஸிஸ்ட் 443 என்ற வாயில் வழியாக வெளியே போகிறது. பாங்கிப் பக்கம், செய்திப் பக்கம் எல்லாவற்றுக்கும் போகும் அதே ராஜபாட்டைதான். எந்தக் காவற்காரனும் அதை மறிப்பதில்லை.

விண்டோஸ் உள்ள வீடுகளுக்கு இது போதும். உதவி செய்பவர் தம் மைக்ரோஸாப்ட் கணக்கில் நுழைந்து ஒரு ரகசியக் குறியைப் பெறுகிறார்; டெலிபோனில் படித்துச் சொல்கிறார். உதவி பெறுபவர் கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, அந்தக் குறியை எழுதி, சம்மதம் என்ற பொத்தானை அழுத்துகிறார். தகப்பனாருக்குக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை, மகனுக்குத்தான் வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு, தகப்பனாரைப் புதுக் கணக்குத் திறக்கச் சொல்லிப் பாஸ்வேர்டுகளோடு மல்லாட வைக்கும் பிள்ளைகள் உண்டு.

எங்கே அடைபட்டிருக்கிறது?

சத்திரம் வந்த பிறகும் இணைப்பு தவறுவது உண்டு. அப்போது வரும் காரணங்கள் வேறு வகை. பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள். ஆனால் ஒன்று தவறாமல் வேண்டும்: டெலிபோன் பேச்சு அறுந்துவிடக் கூடாது. திரையில் வருவதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் கடிகாரம். திரையின் கீழ் மூலையில் உள்ள தேதியையும் வருஷத்தையும் படிக்கச் சொல்லவேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் கடிகாரத்தை ஓட்டுவது நாணயம் அளவுள்ள ஒரு சிறு பாட்டரி. அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் யந்திரம் பல வருஷங்கள் பின்னால் போய்விடும். எதிர்ப்பக்கம் காட்டும் அத்தாட்சிப் பத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை என்று கருதி, கம்ப்யூட்டர் பேசவே மறுத்துவிடும். பாங்கிப் பக்கம் திறக்காததற்கும் இதே காரணம் இருக்கக்கூடும். தேதியைத் திருத்தியவுடனே மூல வியாதியே தீர்ந்து, உதவிக்கே அவசியம் இல்லாமற் போவதும் உண்டு.

அடுத்தது ரகசியக் குறி. அது சில நிமிஷங்களே செல்லும். கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் காலாவதியாகிவிடும். பூஜ்யத்துக்கும் 'ஓ' என்ற எழுத்துக்கும் உள்ள குழப்பமும் உண்டு. பழைய குறியோடு போராடாமல் புதுக் குறி வாங்கிவிடுவது உத்தமம்.

குவிக் அஸிஸ்ட் திறந்தவுடன் வெறும் வெள்ளைத் திரையாக நின்றாலோ, தோன்றி மறைந்தாலோ, பழுது இணைப்பில் அல்ல. அது உள்ளே பயன்படுத்தும் 'வெப்வியூ-2' என்ற துணைச் சாதனம் இல்லை அல்லது கெட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். 2022 முதல் குவிக் அஸிஸ்ட் மைக்ரோஸாப்ட் ஸ்டோரிலிருந்து வருகிறது. பழைய பிரதியை வைத்திருப்பவர்கள் அங்கே போய்ப் புதுப்பிக்கவேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால், கோளாறு எந்த வீட்டில் என்று கண்டுபிடிக்க ஓர் அருமையான சோதனை இருக்கிறது, செலவில்லாதது. தகப்பனார் தம் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு, செல்போனின் 'ஹாட்ஸ்பாட்' வழியாக முயன்று பார்க்கட்டும். வேலை செய்தால் குற்றவாளி அந்த வீட்டு ரூட்டர் அல்லது அதற்குப் பின்னுள்ள கம்பெனி. செய்யாவிட்டால் மகன் தம் பக்கத்தில் அதே சோதனையைச் செய்யட்டும். மகன் உபயோகிப்பது ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் வேறு சோதனையே வேண்டாம். பல ஆபீஸ்களில் இத்தகைய இணைப்புகளை வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் 'வி.பி.என்.' எதுவும் ஓடாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

பெயர்க் குழப்பத்தால் வரும் தொல்லை ஒன்று தனி. முன்னே சொன்ன ரிமோட் டெஸ்க்டாப் வேறு, இந்த உதவி வேறு. விண்டோஸின் 'ஹோம்' பதிப்பில் உள்ள கம்ப்யூட்டர், ரிமோட் டெஸ்க்டாப் அழைப்பை ஏற்றுக்கொள்ளவே செய்யாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

இணைப்பு வந்த பிறகும் திகைக்க வைக்கும் கட்டம் ஒன்று உண்டு. மகன் ஏதாவது நிறுவப் போகும்போது அவர் திரை மட்டும் திடீரென்று கறுத்துவிடும். அறுந்துபோயிற்று என்று நினைத்து அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். உண்மையில் திருநெல்வேலித் திரையில், "இந்த மாறுதலை அனுமதிக்கலாமா?" என்று விண்டோஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தூரத்து ஆள் பதில் சொல்லக்கூடாது என்பதற்காகவே அதை மறைக்கிறார்கள். "அப்பா, ஏதாவது கேட்குதா? 'எஸ்'ன்னு இருக்கிறதை அழுத்துங்க" என்றால் வெளிச்சம் திரும்பி வரும்.

பிறகு வேகம். திருநெல்வேலிக்கும் நியூ ஜெர்ஸிக்கும் நேர்க்கோட்டில் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்த் திரும்ப, எந்தக் கம்பெனி என்ன விளம்பரம் செய்தாலும், வினாடியில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாது. நடைமுறையில் கம்பிகள் சுற்றி வளைத்துப் போவதால் அதற்கும் மேலே ஆகும். ஒரு தடவை அழுத்திவிட்டுப் பொறுத்திருக்கவேண்டும். பொறுமையிழந்து இரண்டாம் தடவை அழுத்தினால், அந்த அழுத்தல் அதற்குள் வந்து நிற்கும் வேறு பொத்தானின் மேல் விழும். 'அழித்துவிடு' என்பதும் ஒரு பொத்தான்தான்.

கூப்பிட்டது யார்?

எளிதாகத் திறக்கும் கதவு எல்லோருக்கும் எளிதாகத் திறக்கிறது. "நாங்கள் மைக்ரோஸாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று டெலிபோனில் பயமுறுத்தி, திரைக்குள் நுழைந்து பணம் பறிக்கும் கும்பல்கள் மீது அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷன் 2012 அக்டோபரிலேயே பெரிய நடவடிக்கை எடுத்தது. இந்தியாவில் 2019 பிப்ரவரியில் ரிசர்வ் பாங்க் எச்சரிக்கை விடுத்தது: 'எனிடெஸ்க்' என்ற செயலியைப் போனில் நிறுவச் சொல்லி, அதன் மூலம் கணக்கிலிருந்து பணத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்று. செயலியில் குற்றமில்லை, சாவி போன கையில் குற்றம். 2024-ல் வந்தது இன்னும் தந்திரமான வகை. ஒருவரின் ஈ-மெயில் பெட்டியில் குப்பைக் கடிதங்களை மழையாகக் கொட்டிவிட்டு, அவர் தவித்துக்கொண்டிருக்கும்போது, "சரிசெய்து தருகிறோம்" என்று டெலிபோன் செய்து, குவிக் அஸிஸ்டின் மூலமே உள்ளே நுழைந்த ஒரு கும்பலைப் பற்றி மைக்ரோஸாப்டே அந்த மே மாதத்தில் விவரம் வெளியிட்டது.

பெரியவர்களுக்கு இதில் சொல்லி வைக்கவேண்டியது அதிகமில்லை. நாமாகக் கூப்பிட்டால் உதவி. அவர்களாகக் கூப்பிட்டால் டெலிபோனை வைத்துவிடலாம். மகன் பெயரைச் சொல்லிக்கொண்டு புது எண்ணிலிருந்து யாராவது பேசினால், வைத்துவிட்டு மகனுடைய பழைய எண்ணுக்குத் தாமே கூப்பிடட்டும். செல்போனில் வரும் 'ஓ.டி.பி.' எண்ணை எழுத வேண்டிய கட்டம் வந்தால், பிள்ளையே ஆனாலும், இணைப்பை நிறுத்திவிட்டுத் தாமே எழுதிக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடவேண்டும். உதவிக்கென்று புதிதாக நிறுவிய செயலி ஏதாவது இருந்தால் அன்றே அதை நீக்கிவிடவேண்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று சந்தேகம் தட்டினால், முதல் காரியம் ரூட்டரின் கரண்டைப் பிடுங்குவது. கம்ப்யூட்டரோ போனோ செல்போன் வழியாக இன்டர்நெட்டில் இருந்தால் அதையே நிறுத்திவிடுவது. அடுத்தது பாங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் டெலிபோன் செய்வது. இந்தியா முழுவதற்கும் பொதுவான எண் அது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்கு முன் தகவல் போனால் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மகனிடம் மறைத்து, மறுநாள் காலையில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.